குவிமாடத்துக்கு எவ்வளவு துணி வேண்டும்?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு



கணக்குப் பாடத்தில் அளவியலைத் தொட்டுவிட்டால் இப்படி ஒரு வினா வராமல் போகாது: 3.5 மீட்டர் ஆரமுள்ள அரைக்கோள வடிவக் கூடாரத்தை மூடத் தேவையான துணியின் பரப்பு என்ன? இரண்டு பை ஆர் ஸ்கொயர் என்ற சூத்திரத்தை எழுதி, பைக்கு 22/7 என்று போட்டால், 77 சதுர மீட்டர் என்று அழகாக விடை வந்து உட்காரும். நாங்களும் அப்படி எழுதிச் சிவப்பு மையில் முழு மதிப்பெண் வாங்கியவர்களே. விடை தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த 77 சதுர மீட்டரை மட்டும் லீபஜார் பக்கத்து ஜவுளிக் கடையில் கிழித்து வாங்கிக்கொண்டு போனால், கூடாரம் முழுவதும் மூடாது என்பதை இவ்வாண்டுதான் அறிந்தோம். அதை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது கணக்கு வகுப்பு அன்று, கணினி அறை. அந்தக் கதையையும், அதையொட்டி எங்கள் மனத்தில் எழுந்த ஒரு கருத்தையும் உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

ஆகஸ்டு மாதம் பள்ளிக் கண்காட்சிக்காக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, கணினியில் ஒரு வட்ட வடிவச் ஜெபக்கூடம் கட்டுவதென்று முடிவு செய்தோம். உருளை வடிவச் சுவர், வாசலில் கூம்பு வடிவக் கூரை, உச்சியில் அரைக்கோளக் குவிமாடம். புத்தகத்தில் உள்ள திண்ம உருவங்களை எல்லாம் ஒரே கட்டடத்தில் அடக்கிவிடலாமே என்ற பேராசைதான் காரணம். இதற்கு ஸ்கெட்ச்அப் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினோம். கட்டடம் வரைபவர்கள் பலரும் கையாளும் மென்பொருள் இது. அமெரிக்காவில் 2000-ல் பிறந்து, 2006-ல் கூகுள் கைக்கும் 2012-ல் டிரிம்பிள் என்ற நிறுவனத்தின் கைக்கும் மாறியது. எங்கள் கணினி அறையில் இருப்பது அதன் பழைய இலவசப் பதிப்பு.

சுவரை எழுப்புவது அரை மணி நேர வேலையாகத்தான் இருந்தது. வட்டம் வரைந்து மேலே இழுத்தால் உருளை வந்துவிடுகிறது. ஆனால் வெறும் வெள்ளைச் சுவரை யார் பார்ப்பார்கள்? அதற்குச் செங்கல் தோற்றம் கொடுக்க வேண்டும். செங்கல் சுவரின் படம் ஒன்றை எடுத்து மேற்பரப்பில் ஒட்டுவதற்கு டெக்ஸ்ச்சர் பூசுதல் என்று பெயர். வண்ண வாளியின் படம் போட்ட கருவியை எடுத்துச் சுவரின்மேல் ஒரு தட்டுத் தட்டினோம். தோழியரே, வந்த கோலத்தை என்னவென்று சொல்ல! சுவர் முழுவதும் செங்கற்கள் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, ஒரு வரிசை மறு வரிசையோடு சேராமல், குடிகாரன் கட்டிய சுவர் போல நின்றது.

ஏன் இப்படி என்று ஒரு வாரம் விளங்கவில்லை. மறைந்துள்ள கோடுகளைக் காட்டு என்று மெனுவில் ஒரு கட்டளை உண்டு. அதை இயக்கியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. நாங்கள் வட்டம் என்று நம்பியது வட்டமே இல்லை! இந்த மென்பொருள் தானாக வரையும் வட்டம் 24 பக்கங்கள் கொண்ட பலகோணம். வளைந்த சுவர் என்று காட்டியதும் 24 தட்டைப் பலகைகளே. விளிம்புகளை மழுக்கிக் கண்ணை ஏமாற்றியிருக்கிறது. ஒவ்வொரு பலகையும் தன் போக்கில் செங்கல்லைத் தொடங்கியதால்தான் அந்த அலங்கோலம். இதற்கு மருந்து எளியது. முதல் பலகையில் படத்தைச் சரியாகப் பொருத்திவிட்டு, ஆல்ட் விசையை அழுத்தினால் வரும் சொட்டுக்குழாய்ப் படமுள்ள கருவியால் அந்தப் பலகையைத் தொட்டு, அடுத்த பலகையில் ஊற்ற வேண்டும். பிறகு அதைத் தொட்டு அதற்கடுத்ததில். இப்படிச் சுற்றி வந்தால் செங்கல் வரிசை அறுபடாமல் ஓடுகிறது.

ஓடி வந்து சேருமிடத்தில் மறுபடியும் சிக்கல். சுவரின் விட்டம் 7 மீட்டர், ஆகவே சுற்றளவு 22 மீட்டர். செங்கல் படத்தின் அகலம் 2 மீட்டர். பதினொரு தடவை திருப்பி ஒட்டினால் கச்சிதமாக முடிய வேண்டுமல்லவா? முடியவில்லை. கடைசிச் செங்கல் 7 சென்டிமீட்டர் அறுபட்டு நின்றது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 24 பக்கப் பலகோணத்தின் சுற்றளவு 21.93 மீட்டர்தான். பக்கங்களை 96 ஆக்கினால் 21.99 மீட்டர் ஆயிற்று. மீதமிருந்த ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான குறையில் பெரும் பங்கு மென்பொருளுடையது அன்று, நம்முடைய 22/7-இன் பிழை என்று கண்டபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. ஆறாம் வகுப்பிலிருந்து 22/7 தோராய மதிப்பு என்று படித்து வந்திருக்கிறோம். அந்தத் தோராயத்தைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

கூம்பு வடிவக் கூரைக்கு வருவோம். ஆரம் 3 மீட்டர், உயரம் 4 மீட்டர், சாயுயரம் 5 மீட்டர். கூம்பை வெட்டி விரித்தால் அது ஒரு வட்டக்கோணப் பகுதி என்பது நாம் படித்ததே. இந்தக் கூம்பை விரித்தால் அதன் கோணம் 216 பாகை. அதில் நேர்க்கோட்டு வரிசையாக ஓடுகளை அடுக்கி மறுபடியும் கூம்பாகச் சுருட்டினால், இரு ஓரங்களும் சேருமிடத்தில் ஓடுகள் ஒன்றுக்கொன்று கோணலாக முட்டிக்கொள்கின்றன. எவ்வளவு முயன்றாலும் இது மாறாது. நிஜக் கூரையில் ஓடு வேய்பவர் மேலே போகப் போக ஓட்டைச் செதுக்கிச் சிறிதாக்கிக்கொள்கிறார். எங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. சேருமிடத்தைக் கட்டடத்தின் பின்பக்கம் திருப்பி வைத்தோம். அவ்வளவுதான்.

குவிமாடம்தான் எங்களை அழ வைத்தது. உருளையையும் கூம்பையும் வெட்டி விரிக்கலாம்; கோளத்தை விரிக்க முடியாது. ஆரஞ்சுத் தோலை மேசைமேல் அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும், கிழிகிறது. கோளப் பரப்பை நீட்டாமலும் சுருக்காமலும் கிழிக்காமலும் தட்டையாக்கவே இயலாது என்பதை ஜெர்மானிய அறிஞர் காஸ் 1827-ல் நிரூபித்துவிட்டார். ஆக, எங்கள் கைத்திறமையின் குறை அன்று என்று ஓரளவு ஆறுதல் கொண்டோம். ஆனால் ஆறுதல் குவிமாடத்தை மூடாதே!

வளைந்த பரப்புக்கு மென்பொருளில் இன்னொரு வழி உண்டு. பக்கத்தில் ஒரு தட்டைப் பலகையை நிறுத்தி, அதில் படத்தை ஒட்டி, 'புரொஜெக்டட்' என்று குறித்துக்கொண்டு, அதைச் சொட்டுக்குழாயால் தொட்டு வளைபரப்பில் ஊற்றுவது. சினிமாக் கொட்டகையில் திரைமேல் படம் விழுவது போல, தட்டைப் படம் நேராகச் சென்று வளைபரப்பில் விழுகிறது. நேர் எதிரே இருந்து பார்த்தால் அபாரம். பக்கவாட்டில் திருப்பினால் பரிதாபம். நடுவிலிருந்து 60 பாகை விலகிய இடத்தில் ஒவ்வோர் ஓடும் இரண்டு மடங்கு நீளமாகிவிடுகிறது. விளிம்புக்கு அருகே ஓடு என்றே சொல்ல முடியாது. மழைநீர் வழிந்த கறை போல் கோடு கோடாக இருக்கும். கண்காட்சிக்கு வருகிறவர்கள் ஒரே இடத்தில் நின்று பார்த்தால் கவலையில்லை. கணினியில் மாதிரி கட்டுவதே திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குத்தானே?

இங்கே எங்கள் குழுவில் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வாள். அவள் தந்தையார் எங்கள் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறார். பெரும்பாலும் கொலுசு வேலைதான். எப்போதாவது கோவில் கவசத்துக்கும் கலசத்துக்கும் தகடு அடிக்கும் வேலை வரும். அவளும் பள்ளி விட்டுப் போனதும் கொலுசுக்குக் கண்ணி சேர்த்துக் கொடுப்பாள். ஒரு சனிக்கிழமை நாங்கள் எல்லோரும் பட்டறைக்குப் போயிருந்தோம். மர அச்சின்மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சிறு சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தவரிடம் எங்கள் குவிமாடத் துயரத்தைச் சொன்னோம். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"உருண்டை மேல தகடு தானா உட்காராது கண்ணு. ஓரத்துல சுருக்கம் விழும். காய்ச்சிக் காய்ச்சித் தட்டி அந்தச் சுருக்கத்தை உள்ள விடணும், இல்லேன்னா நடுவுல நீட்டணும். நீட்டுன எடம் மெலிசாப் போகும். எந்த எடம் மெலிசானாப் பரவாயில்லன்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டுத்தான் சுத்தியவே எடுக்கணும்."

காஸ் நிரூபித்ததை அவர் படித்ததில்லை. ஆனால் அதற்கு அடுத்த படியைச் சொல்லிவிட்டார். பிழை வந்தே தீரும். அதை எங்கே வைப்பது என்பதுதான் வேலை. இதைக் கேட்டதும் எங்களுக்குத் தையல் வகுப்பு நினைவுக்கு வந்தது. தட்டைத் துணி உடம்பின்மேல் உட்கார்வதற்காக அங்கங்கே மடிப்புப் பிடித்துத் தைக்கிறோமே, அதுவும் இதுதான். குடையும் இதுதான்.

தேடிப் பார்த்தால் உலகத்துப் பெரிய காரியங்களிலும் இதே கதை. ஆசிரியர் அறையில் இருக்கும் பழைய பூகோள உருண்டையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இரு முனையும் கூரான சுளை சுளையான காகிதங்களை ஒட்டித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்; தையல் கோடு இப்போதும் தெரிகிறது. அதையே தட்டையாக்கிச் சுவரில் மாட்டும்போது நீட்டல் வந்துவிடுகிறது. மெர்க்கேட்டர் என்பவர் 1569-ல் மாலுமிகளுக்காகச் செய்த வரைபடத்தில் திசை பிசகாது, பரப்பு பிசகும். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தெரிகிறது. உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. நம் இந்தியாவின் பரப்பு ஏறக்குறைய 33 லட்சம் சதுர கிலோமீட்டர், கிரீன்லாந்தின் பரப்பு 22 லட்சத்துக்கும் குறைவு. அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த யாராவது இதை நம்புவார்களா? மெர்க்கேட்டர் பொய் சொன்னார் என்று நாங்கள் கூறமாட்டோம். கப்பலோட்டிக்குத் தேவையான இடத்தில் மெய்யை வைத்துவிட்டு, பிழையைத் துருவப் பக்கம் தள்ளிவைத்தார். குற்றம், அந்தப் படத்தைக் கப்பலில் இருந்து எடுத்து வகுப்பறையில் மாட்டியவர்களுடையது.

1973-ல் திறக்கப்பட்ட சிட்னி ஆப்பெரா மாளிகையின் பாய்மரம் போன்ற கூரைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கூரைக்கும் ஒவ்வொரு வளைவு என்றிருந்தால் ஓடு பதிக்கவே முடியாது என்று தவித்தார்கள். அத்தனை கூரைகளையும் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளாக ஆக்கிக்கொண்ட பிறகே வழி பிறந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு ஓடுகளைத் தரையிலேயே பலகை பலகையாக அச்சில் வார்த்து மேலே ஏற்றினார்கள். கோளம் அவ்வளவு பெரிதாகவும் ஓடு அவ்வளவு சிறிதாகவும் இருந்தால், ஒவ்வோர் ஓடும் தட்டையாக இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் பக்கத்திலேயே ஆரோவில்லில் உள்ள மாத்ரி மந்திர், 1971-ல் தொடங்கி 2008-ல் முடிந்த தங்க உருண்டை, வேறு வழியில் போனது. அதன் வெளிப்புறத்தைப் போர்த்தியிருப்பவை வட்டத் தட்டுகள். வட்டத் தட்டுகளின் ஓரங்கள் முழுவதும் சேர வேண்டிய அவசியமே இல்லை. இடைவெளி இருந்தால் அதுவே அழகு. எங்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமானதாகப் படுகிறது.

கணினிக்காரர்களும் வெகுகாலம் இதோடு போராடியிருக்கிறார்கள். கணினி வரைந்த வளைபரப்பின்மேல் ஒரு படத்தைப் போர்த்தும் முறையை எட் கேட்மல் என்பவர் 1974-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வில் எழுதினார். பிற்காலத்தில் பிக்ஸார் என்ற கார்ட்டூன் படக் கம்பெனியை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். நாம் ரசித்துப் பார்க்கும் பொம்மைப் படங்களில் மீனுக்குச் செதிலும் காருக்கு வண்ணமும் வந்த வழி இதுவே.

குவிமாடத்துக்குத் திரும்புவோம். வெள்ளிப் பட்டறையிலிருந்து வந்த தோழிதான் வழி கண்டாள். குவிமாடத்தை 24 சுளைகளாகப் பிரித்தாள். ஒரே ஒரு சுளையை எடுத்துக்கொண்டு, அதன் கீழ்ப்பாதிக்கு எதிரே ஒரு பலகை, மேல்பாதிக்கு எதிரே சாய்த்து நிறுத்திய இன்னொரு பலகை என்று இரண்டிலிருந்து படத்தை வீழ்த்தினாள். இப்போது நீளவாக்கில் ஓடு எங்கேயும் 8 சதவீதத்துக்குமேல் நீளவில்லை. ஒரு சுளை சரியானதும் அதைச் சுற்றி நகலெடுத்தால் குவிமாடம் முழுதும் முடிந்தது. சுளைகள் சேரும் கோடுகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. அவற்றை மறைக்க நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முயன்றோம். அவளோ ஒவ்வொரு கோட்டின்மேலும் ஒரு வெள்ளை விலா எலும்பைப் போட்டு, அலங்காரமாக்கிவிட்டாள். கண்காட்சியன்று அவள் தந்தையார் வந்து திரையில் சுழலும் குவிமாடத்தைப் பார்த்துவிட்டு, "தையல் எங்க கண்ணு வெச்சிருக்கீங்க?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை. மின்காந்தக் கிரேனுக்குக் கிடைத்தது.

அந்தச் சுளைகளை வைத்துத்தான் அவள் கூடாரக் கணக்கையும் போட்டுக் காட்டினாள். சுளை ஒன்றின் அடி அகலம் 22 மீட்டரில் 24-இல் ஒரு பங்கு. உயரம் கால்வட்டம், அதாவது 5.5 மீட்டர். ஒவ்வொரு சுளைக்கும் ஒரு நீள்சதுரத் துணி என்றால் 22 பெருக்கல் 5.5, ஆக 121 சதுர மீட்டர் துணி வேண்டும். மூடியது 77, வெட்டுத்துணியாகக் கீழே விழுவது 44. தலைகீழாக மாற்றி மாற்றி வெட்டினால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். கைக்குட்டை அளவுத் துண்டுகளாக நறுக்கினால் 77-ஐ நெருங்கலாம். ஆனால் தைத்து முடிப்பதற்குள் கூடாரத்துக்குத் தேவையே போய்விடும். 77 என்பது பரப்பு. 121 என்பது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய அளவு. இந்த வேறுபாட்டை எந்தத் தேர்வும் எங்களிடம் கேட்டதில்லை.

இனி எங்கள் கருத்தைச் சொல்கிறோம். காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கு வந்தபோது பத்தாம் வகுப்பின் கால அட்டவணை மாறியிருந்தது. கணினி, ஓவியம், தையல் மூன்றும் போய், அவ்விடங்களில் கணக்கும் அறிவியலும் வந்திருந்தன. இது நம் பள்ளியில் மட்டும் நடப்பதன்று. வேறு பள்ளிகளில் படிக்கும் எங்கள் தெருத் தோழியரும் இதையே சொல்கிறார்கள். இதில் பெரியவர்களின் அக்கறையை நாங்கள் உணராமல் இல்லை. எங்களில் பலர் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறவர்கள். அந்த மதிப்பெண்ணுக்காகத் தாய்மார்கள் மூட்டை தூக்கும் கடையிலும் கொலுசுப் பட்டறையிலும் கூடுதல் நேரம் நிற்கிறார்கள். அதை அலட்சியம் செய்து கணினி விளையாட்டுக்கு நேரம் கேட்பதாக எண்ணிவிட வேண்டாம்.

ஆயினும் கேட்கிறோம். கணினி அறையிலிருந்து பறித்த அந்த மணியில் அளவியலைத்தானே மறுபடியும் நடத்தினார்கள்? அதே சூத்திரம், அதே கூடாரம், அதே 77! அளவியல் எங்களுக்கு உண்மையாகவே புரிந்த இடத்தை மூடிவிட்டு, அதே அளவியலை இன்னொரு தடவை மனப்பாடம் செய்தோம். கணினிதான் வேண்டும் என்றும் இல்லை. ஆரஞ்சுப் பழமும் கத்தரிக்கோலும் பழைய துணியும் போதும் என்றுகூடச் சொல்வோம். தவறு செய்து பார்க்க ஒரு மணி நேரம் வேண்டும், அவ்வளவே. செங்கல் ஏன் சேரவில்லை என்று ஒரு வாரம் விழித்தோமே, அந்த ஒரு வாரத்தைத் தேர்வு நெருங்கும் எந்த வகுப்பறையும் தராது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் தோழியின் வீட்டில், பத்தாம் வகுப்போடு படிப்பு போதும், பட்டறையில் உட்காரட்டும் என்ற பேச்சு இருந்தது. அவளுக்கோ பாலிடெக்னிக்கில் சிவில் படிக்க ஆசை. தேர்வுத்தாளில் அவள் 77 என்று எழுதினால் நாற்பது பேரில் ஒருத்தி. 121 என்று அவள் சொன்னதைக் கேட்டது நாங்கள் நான்கு பேரும், கண்காட்சியன்று பக்கத்தில் நின்ற அவள் அப்பாவும்தான். அன்றிரவு அவர், "பார்க்கலாம்" என்றாராம். முன்பெல்லாம் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார் என்று அவள் சொன்னாள். அரையாண்டுத் தேர்வில் அவளுக்குக் கணக்கில் 58. பார்க்கலாம் என்ற சொல் இன்னும் அப்படியே நிற்கிறது.

எங்களுக்கு இனி நேரமில்லை. இவ்விதழ் உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் பொதுத்தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருப்போம். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வரும் தங்கையருக்காகவே இதை எழுதினோம். வாரத்துக்கு ஒரே ஒரு மணி, புதன்கிழமை கடைசி மணியாக இருந்தாலும் சரி, அரையாண்டுத் தேர்வு வரையிலாவது அவர்களுக்கு விட்டுவைக்குமாறு தலைமையாசிரியை அம்மையாரையும் பெற்றோரையும் பணிவுடன் வேண்டுகிறோம். எங்கள் ஜெபக்கூடம் ஏழாம் எண் கணினியில் இருக்கிறது. வாசலருகே உள்ள புனித நீர்த் தொட்டி மட்டும் பாக்கி. அது கூம்பின் இடைக்கண்டம், இன்னும் வெறும் வெள்ளையாக நிற்கிறது. விரித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.